லோக்கல்ஹோஸ்டிலிருந்து லைவுக்கு: வாசகர் கேள்வி பதில்

சொந்தக் கணினியில் தளம் அமைத்து முடித்த வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: கணினியில் (லோக்கல்ஹோஸ்ட்) ஓடுகிறது, ஹோஸ்டிங்கில், அதாவது தளத்தை இணையத்தில் வைக்கும் சர்வரில் ஏற்றினால் ஓடவில்லை. கோப்புகளை நகலெடுப்பது இதில் சின்ன வேலை. பழைய முகவரி எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இரண்டு கணினிகளும் எதில் வேறுபடுகின்றன என்று பார்ப்பதுதான் பெரிய வேலை. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டச்சும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

சென்னிமலையில் போர்வை, பெட்ஷீட் விற்கிறோமுங்க. லேப்டாப்பில் சாம்ப் (கணினியையே சர்வராக்கும் மென்பொருள்) போட்டு வேர்ட்பிரஸில் தளம் செய்து, ஃபைல், டேட்டாபேஸ் இரண்டையும் ஹோஸ்டிங்கில் ஏற்றினேன். ஆப்ஷன்ஸ் டேபிளில் சைட்யூஆர்எல், ஹோம் இரண்டையும் புது முகவரிக்கு மாற்றிவிட்டேன். என் லேப்டாப்பில் எல்லாப் படமும் வருகிறது. கடையில் தம்பி போனில் பார்த்தால் பாதிப் படம் இல்லை. ஏனுங்க இப்படி?
– கைத்தறி விற்பனையாளர், சென்னிமலை

உங்களுக்குத் தெரியும் படங்கள் ஹோஸ்டிங்கிலிருந்து வரவில்லை, உங்கள் லேப்டாப்பிலிருந்தே வருகின்றன. பக்கங்களுக்குள் படத்தின் முகவரி இன்னும் லோக்கல்ஹோஸ்ட் என்றே இருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் சாம்ப் ஓடிக்கொண்டிருப்பதால் பிரவுசர் அங்கிருந்து எடுத்துக் காட்டிவிடுகிறது. தம்பியின் போனுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தப் போன்தான், அதில் உங்கள் போர்வைப் படம் ஏது? சாம்ப்பில் அப்பாச்சியை (பக்கங்களைத் தரும் சர்வர் பகுதி) நிறுத்திவிட்டு உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள், தம்பி பார்த்ததையே நீங்களும் பார்ப்பீர்கள். ஏற்றிய தளத்தைச் சோதிக்கும் எவரும் முதலில் அப்பாச்சியை நிறுத்த வேண்டும், அல்லது மொபைல் டேட்டாவில் பார்க்க வேண்டும்.

நீங்கள் மாற்றிய இரண்டு வரிகளும் தேவைதான். ஆனால் பழைய முகவரி பதிவுகளின் உடலிலும், மெனுவில் கையால் போட்ட லிங்க்கிலும், விட்ஜெட்டிலும், தீம் அமைப்பிலும் பரவிக் கிடக்கும். அதற்காக எஸ்கியூஎல் கோப்பை (டேட்டாபேஸின் ஏற்றுமதி நகல்) நோட்பேடில் திறந்து 'எல்லாவற்றையும் மாற்று' கொடுத்துவிடாதீர்கள். பலர் தீம் அமைப்புகளை மொத்தமாக இழப்பது இந்த இடத்தில்தான்.

வேர்ட்பிரஸ் பல அமைப்புகளை சீரியலைஸ் செய்து சேமிக்கிறது. அதாவது ஒவ்வொரு வாசகத்துக்கும் முன்னால் அதன் நீளம் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். 'எச்டிடிபி://லோக்கல்ஹோஸ்ட்/கடை' என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் 22 எழுத்து. அதற்கு முன்னால் 22 என்று இருக்கும். நீங்கள் அதை 'எச்டிடிபிஎஸ்://எக்ஸாம்பிள்.காம்' என்று மாற்றினால் வாசகம் 19 எழுத்தாகிவிடும், முன்னால் இருக்கும் எண் 22-ஆகவே நிற்கும். லாரி பில்டியில் (சரக்கு ரசீது) 22 மூட்டை என்று எழுதி 19 மூட்டை இறக்கினால் குடோனில் சரக்கை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் அல்லவா, வேர்ட்பிரஸை ஓட்டும் மொழியான பிஎச்பியும் அப்படித்தான். நீளம் ஒத்துப்போகவில்லை என்றதும் அந்த அமைப்பு முழுவதையும் தள்ளிவிடும். விட்ஜெட்டுகள் காணாமல் போகும், தீம் வாங்கிய அன்றிருந்த நிறத்துக்குத் திரும்பிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதனால் காரணம் பிடிபடாமல் நாள் கணக்கில் தேடுவீர்கள்.

சரியான வழி, நீளத்தையும் சேர்த்துத் திருத்தும் கருவியைப் பயன்படுத்துவது. ஹோஸ்டிங்கில் எஸ்எஸ்எச் வசதி (சர்வரில் நேரடியாகக் கட்டளை அடிக்கும் வழி) இருந்தால், வேர்ட்பிரஸின் கட்டளைக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐ-யின் 'சர்ச்-ரீப்ளேஸ்' கட்டளை சிறந்தது. பழைய முகவரி, புது முகவரி என்ற வரிசையில் கொடுத்து, முதல் தடவை '--டிரை-ரன்' சேர்த்து ஓட்டுங்கள். எந்த டேபிளில் எத்தனை இடம் மாறும் என்று மட்டும் காட்டும், எதையும் தொடாது. எண்ணிக்கை பொருத்தமாக இருந்தால் '--டிரை-ரன்'-ஐ எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எஸ்எஸ்எச் இல்லையென்றால் 'பெட்டர் சர்ச் ரீப்ளேஸ்' என்ற பிளகின் இதே வேலையைச் செய்யும், அதிலும் டிரை ரன் உண்டு. இரண்டு முகவரிக்கும் கடைசியில் சாய்கோடு வேண்டாம். ஒன்றில் வைத்து மற்றதில் விட்டால் லிங்க்கெல்லாம் இரட்டைச் சாய்கோட்டோடு நிற்கும், அல்லது ஒட்டிக்கொண்டு கெடும்.

எலிமென்டார் (பக்கம் வடிவமைக்கும் பிளகின்) போட்டிருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. அது முகவரியில் ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு வைத்துச் சேமிப்பதால் சாதாரணத் தேடலில் சிக்காது. எலிமென்டாரின் டூல்ஸ் பகுதியில் 'ரீப்ளேஸ் யூஆர்எல்' இருக்கிறது, அதில் மாற்றிவிட்டு அங்கேயே சிஎஸ்எஸ்-ஐ (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பு) மறுபடி உருவாக்கச் சொல்லுங்கள். பேனர் பின்னணிப் படம் மட்டும் வராமல் அடம்பிடித்தால் காரணம் பெரும்பாலும் இந்த சிஎஸ்எஸ்தான்.

கேஷ் பிளகின் (பக்கத்தின் நகலைச் சேமித்து வேகமாகத் தருவது) இருந்தால் ஏற்றுவதற்கு முன்பே கணினியில் அதை நிறுத்துங்கள். சில கேஷ் பிளகின்கள் 'சி' டிரைவின் முழுப் பாதையையே டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் (டேட்டாபேஸ் விவரங்கள் இருக்கும் கோப்பு) எழுதி வைத்திருக்கும், லினக்ஸ் சர்வரில் அப்படி ஒரு டிரைவே கிடையாது. சோதனைக்காக வைத்த எளிய அட்மின் கடவுச்சொல்லும் டேட்டாபேஸோடு சேர்ந்து லைவுக்கு வந்துவிடும். அதை அன்றைக்கே மாற்றுங்கள்.

தேங்காய் நார் மில் தளம். சில படம் மட்டும் ஹோஸ்டிங்கில் வரவில்லை. ஃபைல் மேனேஜரில் பார்த்தால் படம் அங்கேயே இருக்கிறது.
– பொள்ளாச்சி

பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பாருங்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. கேமராவிலிருந்து வந்த படத்தின் வால் 'ஜேபிஜி' என்று பெரிய எழுத்தில் இருக்கும், தீம் கோப்பில் நீங்கள் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். கணினியில் ஓடும், சர்வரில் 404 ('கிடைக்கவில்லை' என்ற பிழை). கோப்புப் பெயர்களை எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல், இடைக்கோடு போட்டு வைப்பதே நிரந்தரத் தீர்வு.

டேபிள் முன்னொட்டிலும் (டேபிள் பெயர்களின் தொடக்கத்தில் வரும் பொதுப் பகுதி) இதே சிக்கல் வரும். முன்னொட்டைப் பெரிய எழுத்தில் கொடுத்திருந்தாலும் விண்டோஸில் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் டேபிள்களைச் சிறிய எழுத்தில்தான் உருவாக்கும். கான்ஃபிக் கோப்பில் பெரிய எழுத்தே நிற்கும். லினக்ஸில் ஏற்றியதும் வேர்ட்பிரஸ் தன் டேபிள்களைக் காணாமல் 'புதிதாக நிறுவுங்கள்' என்று கேட்கும். நிறுவிவிடாதீர்கள், முன்னொட்டைத் திருத்துங்கள். திருத்தியபின் அட்மினுக்குள் நுழைய அனுமதி இல்லை என்று வந்தால், யூசர்மெட்டாவில் 'கேப்பபிலிட்டீஸ்' என்று முடியும் வரியும், ஆப்ஷன்ஸில் 'யூசர்_ரோல்ஸ்' என்று முடியும் வரியும் பழைய முன்னொட்டோடு இருக்கின்றன. அவற்றையும் மாற்ற வேண்டும்.

மஞ்சள் மண்டிக்குத் தளம். 'லோக்கல்' என்ற செயலியில் செய்தேன். இம்போர்ட் செய்தால் 1273, அன்நோன் கொலேஷன் என்று நிற்கிறது. அதற்கு முன்னால் கோப்பு பெரிது என்றும் மறுத்தது.
– ஈரோடு

உங்கள் கணினியில் மைஎஸ்கியூஎல் 8, ஹோஸ்டிங்கில் மரியாடிபி (மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த இன்னொன்று) அல்லது பழைய மைஎஸ்கியூஎல். 8-ஆம் பதிப்பின் இயல்பான கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) 'யூடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ'. அந்தப் பக்கம் இருப்பது அதை அறியாது. எஸ்கியூஎல் கோப்பை நோட்பேட்++ இல் திறந்து அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் 'யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_520_சிஐ' என்று மாற்றுங்கள். மேலே வேண்டாம் என்று சொன்ன மொத்த மாற்றம் இங்கே செல்லும், ஏனென்றால் இந்தப் பெயர் டேபிள் வரையறையில் மட்டும் இருக்கிறது, நீளம் எண்ணப்பட்ட தரவுக்குள் இல்லை. யூடிஎஃப்-8, பிஓஎம் (கோப்பின் தலையில் வரும் மறைகுறி) இல்லாமல் என்று சேமியுங்கள்.

அளவுக்கு வருவோம். பிஎச்பி-யின் இயல்பான அப்லோடு வரம்பு 2 எம்பிதான், ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைக் கூட்டி வைத்திருக்கும். பிஎச்பிமைஅட்மினின் (டேட்டாபேஸைப் பிரவுசரில் கையாளும் கருவி) இம்போர்ட் பக்கத்திலேயே உங்கள் வரம்பு எழுதியிருக்கும். அது போதவில்லை என்றால் ஜிஜிப்பாகச் சுருக்கி ஏற்றலாம், அவிழ்க்காமலே படித்துக்கொள்ளும். அதற்கு முன்னால் குப்பையைக் குறையுங்கள். பழைய ரிவிஷன்களும், பாதுகாப்பு பிளகினின் லாக் டேபிள்களும் சேர்ந்து பதிவுகளைவிடப் பெரிதாக இருப்பது வழக்கம்.

அடுத்து 1044 என்று அனுமதி மறுப்பு வந்தால், கோப்பின் தலையில் 'கிரியேட் டேட்டாபேஸ்' வரி இருக்கிறது. பகிர்வு ஹோஸ்டிங்கில் டேட்டாபேஸை ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான சிபேனலில்தான் உருவாக்க முடியும். அந்த வரியையும் அடுத்து வரும் 'யூஸ்' வரியையும் நீக்குங்கள். சிபேனல் உங்கள் கணக்குப் பெயரையும் ஒரு அடிக்கோட்டையும் டேட்டாபேஸ் பெயருக்கு முன்னால் ஒட்டும். கான்ஃபிக் கோப்பில் அந்த முழுப் பெயர் வேண்டும். யூசரை உருவாக்கியதோடு விடாமல், அவரை டேட்டாபேஸில் சேர்த்து எல்லா உரிமையும் கொடுங்கள். 'எரர் எஸ்டாப்ளிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்ஷன்' வந்து தவிப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியைத்தான் விட்டிருப்பார்கள்.

முகப்பு வருகிறது. உள்ளே எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் 404.
– கரூர்

அமைப்புகளில் பெர்மாலிங்க்ஸ் பக்கத்தைத் திறந்து, எதையும் மாற்றாமல் சேமியுங்கள். முகவரிகளை வேர்ட்பிரஸுக்குத் திருப்பும் எச்டிஆக்ஸஸ் கோப்பு புதிதாக எழுதப்படும். புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் அது மறைந்திருக்கும், நகலெடுக்கும்போது விட்டுப்போகும். கோப்பு இருந்தும் 404 வந்தால் அதில் 'ரீரைட்பேஸ்' வரியில் பழைய ஃபோல்டர் பெயர் நிற்கிறதா என்று பாருங்கள். வெறும் சாய்கோடு மட்டும் இருக்க வேண்டும்.

ஜமக்காளம் பற்றித் தமிழிலேயே எழுதுகிறோமுங்க. ஏற்றிய பிறகு சில இடங்களில் தமிழ் வெறும் கேள்விக்குறியாக வருகிறது. இன்னொன்று, நீளமான தலைப்பு வைத்தால் லிங்க் பாதியில் வெட்டுப்படுகிறது.
– பவானி

கேள்விக்குறியா, அல்லது 'அ'வுக்குப் பதில் மேலே கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஐரோப்பிய எழுத்துகள் என்றால் தரவு பத்திரமாக இருக்கிறது, படிக்கும் முறைதான் தவறு. கான்ஃபிக் கோப்பில் டிபி_சார்செட் மதிப்பு 'யூடிஎஃப்8எம்பி4' என்று இருக்க வேண்டும். பிஎச்பிமைஅட்மினிலும் கேள்விக்குறியே தெரிந்தால் அந்த எழுத்து போய்விட்டது, எந்தக் கருவியும் மீட்காது. டேபிளை நீக்கிவிட்டு, கணினியில் உள்ள மூலத்திலிருந்து மறுபடி ஏற்றுமதி செய்து, இம்போர்ட் பக்கத்தில் எழுத்துக்குறி யூடிஎஃப்-8 என்று பார்த்துக்கொண்டு ஏற்றுங்கள். அதனால்தான் லைவ் தளம் ஒரு வாரமாவது சீராக ஓடும்வரை கணினியில் உள்ளதை அழிக்கக் கூடாது.

லிங்க் வெட்டுப்படுவது ஹோஸ்டிங் செய்த வேலை இல்லை. வேர்ட்பிரஸில் லிங்க் பெயருக்கு 200 இடம்தான். தமிழில் ஒரு குறி யூடிஎஃப்-8 இல் 3 பைட், அதை லிங்க்குக்கு மாற்றும்போது ஒவ்வொரு பைட்டுக்கும் 3 இடம், ஆக 9 இடம். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி. 'பவானி' என்பதே 5 குறி, 45 இடம். 'ஜமக்காளம்' 9 குறி, 81 இடம். 'பவானி ஜமக்காளம் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை' என்று தலைப்பு வைத்தால் 'பவானி-ஜமக்காளம்-வாங்கும்' வரை வந்ததும் 200 இடம் நிரம்பிவிடும். தலைப்பு எவ்வளவு நீளமாகவும் இருக்கட்டும், லிங்க்கை மட்டும் கையால் இரண்டு சொல்லுக்குச் சுருக்குங்கள், அல்லது ஆங்கில எழுத்தில் வையுங்கள். லைவுக்குப் போகும் முன்பே செய்வது நல்லது. பிறகு மாற்றினால் வாட்ஸ்அப்பில் பகிர்ந்த பழைய லிங்க்கையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். படக் கோப்புக்குத் தமிழ்ப் பெயர் வேண்டவே வேண்டாம், விண்டோஸில் ஜிப் செய்து லினக்ஸில் அவிழ்க்கும்போது பெயர் சிதைந்துபோக வாய்ப்பு உண்டு.

பனியன் ஏற்றுமதி நிறுவனம். புதுத் தளத்தை வேறு ஹோஸ்டிங்கில் வைத்திருக்கிறோம். டொமைனை அங்கே திருப்பினால் பையர் மெயில் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஒரு நாள் மெயில் நின்றாலும் ஆர்டர் போய்விடும்.
– திருப்பூர்

பயம் நியாயமானது. தளம் மாற்றும்போது மெயில் நிற்பதற்குக் காரணம், ஹோஸ்டிங் நிறுவனம் சொன்னபடி நேம்சர்வரையே (டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) மாற்றிவிடுவது. நேம்சர்வர் மாறினால், தளமும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகள் மொத்தமும் மாறும். பழைய இடத்தில் இருந்த எம்எக்ஸ் (மெயில் போக வேண்டிய இடம்), எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயில் உண்மையானது என்று காட்டுபவை) பதிவுகள் புது இடத்தில் இருக்காது. முழுவதும் பரவ 48 மணி நேரம் வரை ஆகலாம், அந்த இடைவெளியில் சில மெயில் இங்கேயும் சில அங்கேயும் போகும்.

நேம்சர்வரைத் தொடாதீர்கள். இப்போதிருக்கும் டிஎன்எஸ் பக்கத்தில் டொமைனின் 'ஏ' பதிவையும் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' பதிவையும் மட்டும் புது சர்வரின் ஐபிக்கு மாற்றுங்கள். முந்தின நாளே அவற்றின் டிடிஎல் மதிப்பை (பழைய பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடியாகக் குறைத்துவிட்டால் மாற்றம் சில நிமிடங்களில் பரவும், தவறு நடந்தால் திருப்புவதும் அதே வேகம். ஒரு கண்ணி இருக்கிறது: எம்எக்ஸ் பதிவின் மதிப்பு வெறும் டொமைன் பெயராகவே இருந்தால், 'ஏ' மாறியதும் மெயிலும் கூடவே நகர்ந்துவிடும். அப்படியானால் 'மெயில்' என்ற துணைப் பெயரைப் பழைய ஐபிக்குச் சுட்டி, எம்எக்ஸை அதற்கு மாற்றி, அது பரவிய பிறகு மற்றதைத் தொடுங்கள்.

டொமைனைத் திருப்பும் முன்பே புதுத் தளத்தை உண்மையான முகவரியில் பார்த்துவிடலாம். விண்டோஸில் சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி ஃபோல்டருக்குள் 'ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பு இருக்கிறது. நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அதில் புது ஐபி, ஒரு இடைவெளி, டொமைன் பெயர் என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் கணினிக்கு மட்டும் புது சர்வர் தெரியும், உலகத்துக்குப் பழையதே. சோதனை முடிந்ததும் அந்த வரியை நீக்குங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவச எஸ்எஸ்எல் சான்றிதழ் வழக்கமான முறையில் டொமைன் திரும்பிய பிறகுதான் கிடைக்கும். அதனால் சிபேனலில் ஆட்டோஎஸ்எஸ்எல்-ஐ உடனே ஓட்டிவிடுங்கள். 90 நாள் சான்றிதழ், தானாகப் புதுப்பிக்கிறதா என்றும் பாருங்கள். பையர் அலுவலகங்கள் மூடியிருக்கும் ஞாயிறு பொருத்தமான நாள்.

கோவையில் வெட் கிரைண்டர் உதிரிபாகம் ஆன்லைனில் விற்கிறோம், வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸ் கடை பிளகின்). புது டிசைனைக் கணினியில் முடித்துவிட்டோம். பழையபடி டேட்டாபேஸோடு ஏற்றிவிடலாமா?
– கோயம்புத்தூர்

கூடாது. முதல் தடவை ஏற்றியபோது லைவில் ஒன்றுமில்லை, இப்போது ஆர்டர் இருக்கிறது. நீங்கள் நகல் எடுத்த நாளுக்குப் பிறகு வந்த ஆர்டர், வாடிக்கையாளர் கணக்கு, ஸ்டாக் கணக்கு எல்லாம் அந்த இம்போர்ட்டில் அழியும். ஓடும் கடையில் தீமும் பிளகினும் கணினியிலிருந்து லைவுக்குப் போகலாம், டேட்டாபேஸ் லைவிலிருந்து கணினிக்கு மட்டும்தான் வரலாம்.

புது தீமின் ஃபோல்டரை மட்டும் ஏற்றுங்கள். புதிதாக எழுதிய பக்கங்களை டூல்ஸில் எக்ஸ்போர்ட் செய்து கொண்டுவரலாம். அமைப்பு மாற்றங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்து, விற்பனை குறைவான நேரத்தில் லைவில் கையாலேயே செய்யுங்கள். மெனக்கெட்ட வேலைதான், ஆனால் போன ஆர்டரைத் திரும்ப வரவழைக்க முடியாது. தொடங்கும் முன் லைவ் டேட்டாபேஸின் நகல் கையில் இருக்கட்டும்.

லைவிலிருந்து எடுத்த நகலைச் சோதனைக்கு வைக்கும்போது அதில் மெயில் போகாதபடி நிறுத்துங்கள். இல்லையென்றால் உண்மையான வாடிக்கையாளருக்குச் சோதனை மெயில் போய்விடும். பணம் வாங்கும் சாவியும் முக்கியம். பணம் வாங்கித் தரும் சேவையான ரேசர்பேயில் சோதனைச் சாவி, லைவ் சாவி இரண்டும் வேறு வேறு, பெயரிலேயே 'டெஸ்ட்', 'லைவ்' என்று இருக்கும். பணம் வந்ததைத் தளத்துக்குத் தெரிவிக்கும் வெப்ஹுக் முகவரியை லைவ் பயன்முறையில் தனியாகப் பதிய வேண்டும். பணம் பிடித்தும் ஆர்டர் 'பெண்டிங்' நிலையிலேயே நின்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த வெப்ஹுக்கைத்தான். எல்லாம் முடிந்ததும் விலை குறைந்த ஒரு பொருளை நீங்களே வாங்கிப் பார்த்து, பணத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

லாரி பாடி கட்டும் பட்டறைக்கு ஜூம்லாவில் (வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு தள மென்பொருள்) தளம். அதற்கும் இதே முறையா?
– நாமக்கல்

சுலபம். ஜூம்லா முழு முகவரியைப் பெரும்பாலும் சேமிப்பதில்லை, தேடி மாற்றும் வேலை குறைவு. கான்ஃபிகரேஷன் கோப்பில் டேட்டாபேஸ் விவரத்தோடு 'டெம்ப்', 'லாக்' ஃபோல்டர்களின் முழுப் பாதையையும் சர்வருக்கு ஏற்ப மாற்றுங்கள். அகீபா பேக்கப் என்ற நகல் கருவியில் எடுத்து, அதன் கிக்ஸ்டார்ட் கோப்பால் அவிழ்த்தால் அதுவே கேட்டு மாற்றிவிடும். வேலை முடிந்ததும் கிக்ஸ்டார்ட், பேக்கப் கோப்பு இரண்டையும் சர்வரிலிருந்து நீக்கவும்.

தளம் ஏற்றி இரண்டு மாதம் ஆகியும் கூகுளில் பெயரைத் தேடினால்கூட வரவில்லை.
– கோபிசெட்டிபாளையம்

அமைப்புகள், ரீடிங் பக்கத்தில் 'தேடுபொறிகளைத் தவிர்' என்ற பெட்டியில் டிக் இருக்கும். உருவாக்கும்போது போட்டது, எடுத்துவிடுங்கள். பிறகு கூகுளின் சர்ச் கன்சோலில் சைட்மேப் (பக்கங்களின் பட்டியல்) கொடுங்கள்.

விசாரணை ஃபாரத்தை நிரப்பினால் 'அனுப்பப்பட்டது' என்கிறது. மெயில் வருவதில்லை.
– உடுமலைப்பேட்டை

ஃபாரம் தன் வேலையைச் செய்துவிட்டது, மெயில் வழியில் விழுந்திருக்கிறது. இரண்டு இடம் பார்க்க வேண்டும். அனுப்புநர் முகவரியாக, நிரப்பியவரின் ஜிமெயில் முகவரியைப் போட்டிருந்தால் அதைப் போலி என்று தள்ளிவிடுவார்கள். அனுப்புநர் உங்கள் டொமைன் முகவரியாக இருக்கட்டும், நிரப்பியவரின் முகவரியை 'ரிப்ளை-டு' இடத்தில் போடுங்கள். பிஎச்பி வழியாக அனுப்பாமல் எஸ்எம்டிபி பிளகின் போட்டு, உங்கள் மெயில் கணக்கு வழியாகவே அனுப்பச் செய்யுங்கள். ஜிமெயில் கணக்கு என்றால் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும், வழக்கமான கடவுச்சொல் செல்லாது.

இன்னொரு இடம் சிபேனலில் 'ஈமெயில் ரூட்டிங்'. உங்கள் டொமைன் மெயில் வேறு நிறுவனத்திடம் இருந்து, இங்கே 'லோக்கல்' என்று இருந்தால், ஃபாரத்திலிருந்து உங்கள் டொமைனுக்குப் போகும் மெயிலை இந்த சர்வர் வெளியே விடாமல் தனக்குள்ளேயே போட்டுக்கொள்ளும். 'ரிமோட்' என்று மாற்றிவிட்டு, ஒரு விசாரணையை மறுபடி அனுப்பிப் பாருங்கள்.